பந்தயமா, பணயமா? பாஸ்கலின் 'பாரி'

கடலூர் முதுநகரில் படகுக்காரர் ஒருவர் கடலுக்குக் கிளம்புமுன் படகின் முன்முனையான அணியத்தில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். சாமி மேல் அவ்வளவு நம்பிக்கையா என்று கேட்டேன். "இருந்தா காப்பாத்தட்டும் தம்பி, இல்லேன்னா ஒரு கற்பூரந்தானே போச்சு" என்றார்.

இதையேதான் பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கல் (1623–1662) வாதமாக எழுதினார். ஆட்டம் பாதியில் நின்றால் வைத்த பணத்தை எப்படிப் பிரிப்பது என்று 1654இல் இன்னொரு கணித மேதையான ஃபெர்மாவுடன் கடிதம் வழியே ஆராய்ந்தவர் அவர்; நிகழ்தகவுக் கணிதம் அங்கிருந்துதான் வளர்ந்தது. அந்தக் கணக்கையே கடவுளிடமும் கொண்டுபோனார். கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிவால் தீர்க்க முடியாது. உண்டென்று வாழ்ந்து, அவர் இருந்துவிட்டால் கிடைப்பது முடிவில்லாத பேறு. இல்லாவிட்டால் போவது கொஞ்சம். பாஸ்கல் இறந்தபின் 1670இல் வெளியான 'சிந்தனைகள்' நூலில் இது இருக்கிறது.

இதைப் பிரெஞ்சில் 'பாரி' என்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குச் சாதாரணச் சொல். மூலம் லத்தீன் 'பார்', அதாவது சமம். இருவரும் சமமாகப் பணம் வைப்பதுதான் பாரி. பாஸ்கலிடம் அந்தச் சமம் உடைகிறது: ஒரு தட்டில் அளவுள்ளது, மறு தட்டில் அளவில்லாதது.

தமிழில் 'பாஸ்கலின் பந்தயம்' என்றே எழுதிவருகிறோம். தெலுங்கின் பந்தெமு, கன்னடத்தின் பந்த்ய எல்லாம் இதன் உறவுகள். ஆனால் பந்தயம் என்றால் "எனக்கு வேண்டாம்பா" என்று ஒதுங்கிக்கொள்ளலாம். பாஸ்கல் அதற்கு இடம் தருவதில்லை. நீ ஏற்கெனவே கப்பல் ஏறியாகிவிட்டது என்கிறார். வாழ்கிற ஒவ்வொருவரும் தன் வாழ்வை ஏதோ ஒரு பக்கம் வைத்தாகிவிட்டது. 'உயிரைப் பணயம் வைத்து' என்று சொல்கிறோமே, அந்தப் பணயம்தான் சரியான சொல். 'ஒட்டம்' என்ற பழஞ்சொல்லும் உண்டு, இன்று யாருக்கும் புரியாது. ஆகவே பாஸ்கல் பணயம்.

சரி, எந்தக் கடவுள் மேல் வைப்பது? கோயிலும் தேவாலயமும் தர்காவும் உள்ள ஊர்களில் இந்தக் கேள்வி முதலில் எழும். பாஸ்கலின் கணக்கில் இதற்குப் பதில் இல்லை. அதன் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் எண்ணம்.

இன்னொன்றை அவரே ஒப்புக்கொள்கிறார்: கணக்குப் போட்டு நம்பிவிட முடியாது. அதனால் தீர்த்தம் தொட்டுக்கொள், பூசை வைக்கச் சொல், நம்பிக்கை தானே வரும் என்கிறார். புதுச்சேரியின் பேராலயமான சம்பா கோவிலில் தீர்த்தம் தொட்டு நெற்றியில் சிலுவை வரைந்துகொள்ளும் பாட்டிகளைப் பார்க்கையில் அவர் சொன்னது பொய்யில்லை என்று தோன்றும். நம் சொல்லே அதைத்தான் காட்டுகிறது. 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்கிறது தொல்காப்பியம். நசை என்றால் விருப்பம்; அந்தக் காலத்தில் நம்புதல் என்றால் விரும்புதல்.

அந்தப் படகுக்காரரின் கற்பூரம் காற்றில் இரண்டு முறை அணைந்தது. இரண்டு முறையும் கையைக் குவித்து மறுபடி ஏற்றினார். வெறும் கணக்கென்றால் முதல் தடவையே விட்டிருப்பார்.

அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது அவர் கரையேறிய இடம் என்று கடலூரில் கரையேறவிட்ட குப்பத்தைக் காட்டுவார்கள். 'நற்றுணையாவது நமச்சிவாயவே' என்று பாடியவரிடம் லாப நட்டக் கணக்கே கிடையாது. அதைப் பணயம் என்று நான் எழுத மாட்டேன். அதற்குப் பற்று என்ற சொல் இருக்கிறது.