எட்டு நிமிடமும் ஒரு மணி நேரமும்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய ஒன்பது வயது மகனுக்கு ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு இருப்பதாகச் சொன்ன மருத்துவர், மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். வாசகியின் தம்பி இணையத்தில் தேடிவிட்டு, "அக்கா, கோகெயின் மூளையில் எதைப் பிடிக்கிறதோ அதையேதான் இதுவும் பிடிக்கிறது. பையனை நீயே போதைக்குப் பழக்கப்போகிறாயா?" என்று கேட்டிருக்கிறார். மாத்திரை அட்டை இன்னும் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது.

தம்பி சொன்ன முதல் வாக்கியம் உண்மைதான். மூளையின் நரம்பணு, செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனை வெளியே விடுகிறது. வேலை முடிந்ததும் கடத்திப் புரதம் ஒன்று அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. கோகெயின் அந்தக் கடத்தியை அடைக்கிறது. மெத்தில்ஃபெனிடேட்டும் அதையே அடைக்கிறது. இரண்டிலும் டோபமைன் வெளியே தேங்குகிறது. பிறகு எப்படி ஒன்று போதைப்பொருள், மற்றொன்று குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து?

1990களில் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் நோரா வோல்கோ, ஜோனா ஃபவ்லர் குழுவினர் இதற்கு விடை தேடினார்கள். இரண்டு மருந்துகளிலும் கதிரியக்கக் கார்பன்-11 அணுவைப் பொருத்தி, அவை மூளைக்குள் எங்கே போகின்றன, எவ்வளவு நேரம் தங்குகின்றன என்று, உடலுக்குள் இருக்கும் கதிரியக்கத்தைப் படம்பிடிக்கும் பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். கார்பன்-11இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாக அழிய ஆகும் நேரம், சுமார் 20 நிமிடம்தான். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் அதை உண்டாக்கி, மருந்து மூலக்கூறில் சேர்த்து, தூய்மைப்படுத்தி, பக்கத்து அறையில் படுத்திருப்பவரின் நரம்பில் (ரத்தக் குழாயில்) ஏற்றி முடிப்பதற்குள் பாதிக்கு மேல் அழிந்துவிடும். வேதியியலை ஓட்டப்பந்தயமாக நடத்தியவர்கள் இவர்கள். இத்தனைக்கும் அது அணு ஆராய்ச்சிக்காக 1947இல் தொடங்கப்பட்ட ஆய்வகம். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே 'உடனடிப் பயன் என்ன?' என்று கேட்கும் நம் நிதிக்குழுக்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

நரம்பில் ஏற்றிய கோகெயின் 4 முதல் 6 நிமிடத்தில் மூளையில் உச்சத்தைத் தொட்டது. அடுத்த 20 நிமிடத்தில் பாதி வெளியேறிவிட்டது. நரம்பில் ஏற்றிய மெத்தில்ஃபெனிடேட்டுக்கு உச்சம் 8 முதல் 10 நிமிடத்தில். பாதியாகக் குறைய 90 நிமிடம் ஆயிற்று. ஊசியாகப் போட்டபோது மெத்தில்ஃபெனிடேட்டும் போதை தந்தது. ஆனால் அந்தப் போதை சீக்கிரமே இறங்கிவிட்டது. மருந்தோ இறங்கவில்லை, கடத்திகளை அடைத்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தது! என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் அழகெல்லாம் இங்கேதான். கடத்தி அடைபட்டு இருப்பது போதை தரவில்லை. அது சட்டென்று அடைபடுகிற அந்தச் சில நிமிடங்கள்தான் தருகின்றன.

மாத்திரையாக விழுங்கினால் அடைப்பு உச்சத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வழக்கமான அளவிலேயே கடத்திகளில் பாதிக்கு மேல் அடைபட்டுவிடும். அதே அளவு அடைப்பைக் கோகெயின் உண்டாக்கினால் ஆள் மிதப்பார். மாத்திரை விழுங்கியவருக்கோ பொதுவாக அப்படி எதுவும் தோன்றுவதில்லை. டோபமைனை வெளியிடும் நரம்பணுக்கள் இரண்டு விதமாகப் பேசுகின்றன: எப்போதும் ஓடும் மெல்லிய அடிநாதம் ஒன்று, எதிர்பாராத பரிசு கிடைக்கும்போது எழும் திடீர் வெடிப்பு மற்றொன்று. வேகமாக ஏறும் மருந்து அந்த வெடிப்பைப் போலி செய்கிறது. மெல்ல ஏறுவது அடிநாதத்தை மட்டும் உயர்த்துகிறது. கோகெயின் சீக்கிரம் விலகி இடத்தைக் காலி செய்வதால் அடுத்த வெடிப்புக்கும் வழி விடுகிறது. இரவெல்லாம் திரும்பத் திரும்ப எடுப்பவர்களின் கதை இது.

நிக்கோட்டினும் இப்படித்தான். சிகரெட் வழியாகச் சில நொடிகளில் மூளைக்குப் போனால் அடிமையாக்குகிறது. தோலில் ஒட்டிய பட்டையிலிருந்து மணிக்கணக்கில் கசிந்தால் அந்தப் பழக்கத்தை விட உதவுகிறது.

ஆனால் தம்பியின் பயத்துக்கு வேறொரு நியாயம் உண்டு. ஏடிஎச்டிக்கும் போதைக்கும் உறவு இருக்கிறது. மாத்திரைதான் அதற்குக் காரணம் என்பதற்குச் சான்று இல்லை. போதை நோய்க்குச் சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏடிஎச்டி இருப்பதாக, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. பொது மக்களிடையே பெரியவர்களில் இது நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். பிறகு வரும் பெரிய பலனுக்குக் காத்திருக்க முடியாத மூளை, இரண்டுக்கும் பொதுவான மரபணுக்கள், வகுப்பில் வாங்கிய வசவுகள் எல்லாம் இதில் சேர்கின்றன. 2013இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, சிறுவயதில் மருந்து எடுத்தவர்களிடம் பிற்காலப் போதைப் பழக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றது. அடுத்த ஆண்டு வந்த ஸ்வீடன் பதிவேட்டு ஆய்வு, மருந்து எடுத்தவர்களிடம் போதைச் சிக்கல்கள் 31 சதவீதம் குறைவாக இருந்ததாகச் சொன்னது. இவை காரணத்தை அறுதியிட்டு நிறுவும் ஆய்வுகள் அல்ல. ஆனால் மருந்து ஆபத்தைக் கூட்டியது என்று இரண்டில் எதுவும் சொல்லவில்லை. பையனுக்கு முடிகயிறு கட்டி, 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று காத்திருப்பதையே நான் பெரிய ஆபத்தாக நினைக்கிறேன். குடிப்பழக்கத்தைக் கைவிட வந்து நிற்பவரிடமும், சிறுவயதிலேயே ஏடிஎச்டி இருந்ததா என்று அறிய, மூன்றாம் வகுப்பில் எப்படி இருந்தார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

மாத்திரையைப் பொடித்து மூக்கால் இழுத்தால் மேலே சொன்ன பாதுகாப்பெல்லாம் போய்விடும். அதனால் வேதியியலாளர்கள் மெதுவையே மூலக்கூறுக்குள் கட்டத் தொடங்கினார்கள். 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் என்ற மருந்தில், ஆம்ஃபெட்டமின் வகை மூலக்கூறோடு லைசின் என்ற அமினோ அமிலம் பிணைக்கப்பட்டிருக்கிறது. பிணைப்பு இருக்கும்வரை அது வேலை செய்யாது. அதை வெட்டும் நொதி சிவப்பணுக்களில் இருக்கிறது. அது தன் வேகத்தில்தான் வெட்டும். மூக்கால் இழுத்தாலும் நரம்பில் ஏற்றினாலும் அந்த வேகம் பெரிதாகக் கூடுவதில்லை.