சாக்பீஸ் கோடும் 38 சுற்றும்: பழைய கியர் பாக்ஸை அடையாளம் காண்பது எப்படி?

குன்னூரில் நண்பர் ஒருவரிடம் 1970களின் அம்பாசடர் இருக்கிறது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் லிவர் உள்ள வண்டி. சில மாதங்களாக ஒரே தொல்லை. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் செகண்டில் வரும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும்.

சமவெளியில் இதைச் சமாளித்து ஓட்டிவிடலாம். மலையில் முடியாது. டாப் கியரில், அதாவது நாலாவதில், இன்ஜின் ஒரு சுற்று சுற்றும் வேகத்தில், இந்த வண்டியின் செகண்டில் இரண்டே கால் சுற்று சுற்றியாக வேண்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் தன் உள் உராய்வாலும் காற்றை இழுக்கும் சிரமத்தாலும் திணறும். அந்தத் திணறல் கியர் வழியாக இரண்டே கால் மடங்காகிச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் சூடாகிச் செயலிழக்காமல் காப்பது இந்தப் பிடிப்புதான். செகண்ட் கழன்றால் பாதிப் பிரேக் போன மாதிரி.

உள்ளே தேய்மானம் அதிகம், வேறு பாக்ஸ் பார்ப்பதே மேல் என்று மெக்கானிக் அண்ணன் சொல்லிவிட்டார். கோவைக்கு இறங்கி ஒரு காயலான் கடையில் தேடினோம். “அம்பாசடர் பாக்ஸ்தான் சார்” என்று கடைக்காரர் இரண்டைக் காட்டினார். இரண்டுமே அம்பாசடர் பாக்ஸ்தான், அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அம்பாசடர் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை தயாரான வண்டி. பழைய 1489 சி.சி. இன்ஜினோடு நான்கு கியர் பாக்ஸ் வந்தது. 1990களில் இசுசு 1.8 லிட்டர் இன்ஜின் வந்தபோது, தரையில் லிவர் வைத்த ஐந்து கியர் பாக்ஸ் கூடவே வந்தது. பெயர் ஒன்று, பொருள் வேறு. ஐந்து கியர் பாக்ஸை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பார்க்க ஆரம்பித்தோம்.

முதலில் கண்ணில் படுவது எண்கள். புடைத்து நிற்கும் எண் வார்ப்பு அச்சோடு வருவது. அதே அச்சில் வார்த்த எல்லா வெளிக்கூடுகளுக்கும் அதே எண்தான். மேலே குத்திப் பதித்த எண் அந்த ஒரு பாக்ஸுக்கு உரியது. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அவை மட்டும் போதாது. ஐம்பது வருடத்தில் எத்தனை கைகள் அந்தக் கூட்டைத் திறந்து உள்ளே எதை மாற்றினவோ, எண்ணுக்குத் தெரியாது.

உள்ளே இருப்பதைக் கேட்க ஒரு சாக்பீஸ் போதும். நம் வண்டியின் கிளட்ச் பிளேட்டைக் கையோடு கொண்டுபோய், பாக்ஸின் முன்னால் நீட்டியிருக்கும் இன்புட் ஷாஃப்ட் என்ற தண்டில் செருகிப் பாருங்கள். தண்டிலுள்ள வரிப்பற்களில் அது தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் முதல் பொருத்தம் சரி. அந்தப் பிளேட்டே இப்போது சுற்றுவதற்குக் கைப்பிடியாகவும் ஆகிவிடுகிறது. பின்பக்கத் தண்டின் முனையிலுள்ள தகட்டில் (ஃபிளேஞ்ச்) ஒரு சாக்பீஸ் கோடு, பிளேட்டில் ஒரு கோடு. கியரைப் போட்டு, பின்பக்கம் 10 சுற்று வரும்வரை முன்பக்கம் எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். ஒரே சுற்றை வைத்துக் கணக்கிட்டால் கால் சுற்றுப் பிசகுகூடப் பெரிய தப்பாகிவிடும். பத்துக்கு எண்ணினால் அது பத்தில் ஒரு பங்காகிவிடும்.

கழற்றி வைத்த பழைய பாக்ஸில் முந்தின நாளே எண்ணியிருந்தோம். ஃபர்ஸ்ட்டில் 38, செகண்டில் 22-ஐத் தாண்டி அரை, தேர்டில் 15, டாப்பில் சரியாக 10. கடை பாக்ஸிலும் அதேதான் வந்தது.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? உள்ளே சுழற்சி இரண்டு படியாகக் கைமாறுகிறது. இன்புட் ஷாஃப்டின் பல்சக்கரம் கீழே உள்ள லே ஷாஃப்டைச் சுற்றும். லே ஷாஃப்டின் வேறொரு சக்கரம் மேலே பின்பக்கம் போகும் மெயின் ஷாஃப்டைச் சுற்றும். ஒரு பேச்சுக்கு, முதல் ஜோடியில் 20 பல் 40 பல்லைச் சுற்றினால் 2 மடங்கு. அடுத்த ஜோடியில் 20 பல் 38 பல்லைச் சுற்றினால் 1.9 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 3.8. டாப் கியரில் லே ஷாஃப்ட் சும்மா கூடச் சுற்றும். முன் தண்டும் பின் தண்டும் நேராகப் பூட்டிக்கொள்வதால் பத்துக்குப் பத்து. ஐந்தாவது கியர் இருந்தால் அதில் பெரும்பாலும் பத்துக்கும் குறைவாகவே வரும்.

சுற்று ஒத்துப்போனாலும் வேலை முடியவில்லை. இன்ஜினோடு பூட்டும் முன்கூடான பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகள், இன்புட் ஷாஃப்ட் மூக்கின் நீளம், பின்பக்க மவுண்டிங், லிவர் இணைப்பு பக்கவாட்டிலா மேலேயா, ஸ்பீடோமீட்டர் கேபிள் இடம், எல்லாவற்றையும் பழையதோடு ஒப்பிட்டு அளந்துவிட வேண்டும்.

ஃபர்ஸ்ட் கியருக்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. இன்புட்டைக் கையால் சுற்றிக்கொண்டே ஃபர்ஸ்ட்டை மெல்ல அழுத்துங்கள். பூட்டும் முன் ஒரு இழுப்பு தெரிந்தால் சிங்க்ரோ, அதாவது உரசி இரண்டு பக்க வேகத்தையும் ஒன்றாக்கும் வளையம், இருக்கிறது. ‘டக் டக்’ என்று பல் மட்டும் இடித்தால் இல்லை. இந்தத் தலைமுறை பாக்ஸ்களில் ஃபர்ஸ்ட்டுக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி நின்ற பிறகுதான் ஃபர்ஸ்ட் போடுவார்கள் என்பது அக்காலக் கணக்கு. நம் மலை வளைவில் ஏறும்போது ஓட்டத்திலேயே ஃபர்ஸ்ட் வேண்டியிருக்கும். அதனால்தான் பழைய ஓட்டுநர்கள் டபுள் கிளட்ச் அடிப்பார்கள். நியூட்ரலில் கிளட்சை விட்டு ஒரு முறை ஆக்ஸிலரேட்டரைத் தட்டினால் லே ஷாஃப்ட் வேகமெடுக்கும். இரண்டு பக்கப் பற்களும் ஒரே வேகத்துக்கு வந்ததும் கியர் சத்தமில்லாமல் விழும். எனக்கு இன்றும் அந்தக் கைப்பக்குவம்மேல் தனி மரியாதை.

கடைசியாக ஆயில். கடை பாக்ஸின் ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றிக் கொஞ்சம் விரலில் தொட்டு வெயிலில் பிடித்தோம். எஃகுச் செதில் எதுவும் இல்லை. பொன்னிறத்தில் நைசான துகள் மின்னியது. அது சிங்க்ரோ ரிங்கின் பித்தளை. பின்னச்சுக்கான ஜி.எல்.-5 தரக் கியர் ஆயிலை இதில் ஊற்றினால், அதிலுள்ள கந்தகக் கலவை பித்தளையைத் தாக்கக்கூடும். ஜி.எல்.-4 போதும்.

அந்தப் பாக்ஸை வாங்கி வந்து குன்னூரில் திறந்து பார்த்தபோது பற்கள் நன்றாகவே இருந்தன. செகண்ட் ரிங்கைக் கூம்பின்மேல் அழுத்தித் திருகினால் கவ்வாமல் வழுக்கியது. அந்த ஒரு ரிங்கை மட்டும் புதிதாகப் போட்டு, பாக்ஸை ஏற்றினோம்.