எத்தனை பேர் எழுதினார்கள்?

ஒரு பள்ளி நூறு சதவீதத் தேர்ச்சி பெற்றுவிட்டது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் உடனே கேட்பது இதைத்தான்: எத்தனை பேர் எழுதினார்கள்? சொன்னவரின் முகம் சற்று வாடும். குதர்க்கம் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். ஆனால் தொடக்கநிலைப் புள்ளியியலில் மற்றதெல்லாம் மறந்துபோய் இந்த ஒரு கேள்வி மட்டும் மனத்தில் தங்கினாலும் போதும். பள்ளிகளைப் பற்றி வெளிவரும் பட்டியல்களில் பாதியைப் பதற்றமில்லாமல் படித்துவிடலாம்.

கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். எல்லாப் பள்ளிகளும் ஒரே தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே படித்தாலும் ஒரு மாணவர் தேறுவதற்கான வாய்ப்பு 90 சதவீதம். பத்துப் பேர் மட்டுமே எழுதும் பள்ளியில் பத்துப் பேரும் தேறும் வாய்ப்பு என்ன? 0.9 என்ற எண்ணைப் பத்து முறை எழுதிப் பெருக்கினால் ஏறத்தாழ 0.35 வரும். அப்படிப்பட்ட சிறு பள்ளிகள் நூறு இருந்தால் அவற்றில் சுமார் 35 பள்ளிகள் ‘முழுத் தேர்ச்சி’ என்று பலகை வைத்துவிடும். நூறு பேர் எழுதும் பள்ளிக்கு அதே 0.9-ஐ நூறு முறை பெருக்க வேண்டும். விடை 0.00003-ஐக்கூட எட்டாது, ஏறத்தாழ 38,000 பள்ளிகளில் ஒன்றுக்குத்தான் அந்தப் பலகை கிடைக்கும். கற்பித்தலில் எள்ளளவும் வித்தியாசமில்லை என்று நாமேதான் வைத்துக்கொண்டோம். எண்ணிக்கை மட்டுமே வேறு.

ஒரு மாணவர் தேறுவது இன்னொருவர் தேறுவதைச் சார்ந்ததில்லை என்ற அனுமானம் இந்தப் பெருக்கலுக்குள் ஒளிந்திருக்கிறது. உண்மையில் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள் ஒன்றாகத் தேறுவதும் ஒன்றாகத் தவறுவதும் உண்டு. அதைச் சேர்த்தால் எண்கள் மாறும். சிறிய பள்ளிக்கே பலகை எளிதில் கிடைக்கும் என்பது மாறாது.

அடுத்த ஆண்டு என்ன நடக்கும் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பலகை வைத்த 35 பள்ளிகளும் மறுபடி தேர்வு எழுதுகின்றன. அதே 0.35 வாய்ப்பின்படி அவற்றில் 12 பள்ளிகள்தான் பெருமையைத் தக்கவைத்துக்கொள்ளும். மற்ற 23 பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் ‘ஏன் சரிந்தது?’ என்ற கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எழுதும் காரணங்கள் எல்லாம் கேட்க நியாயமாகவே இருக்கும். சரிந்தது எதுவுமில்லை என்ற பதிலை மட்டும் யாரும் எழுத மாட்டார்கள். எழுதினால் ஏற்கவும் மாட்டார்கள்.

மதிப்பெண்களிலும் கதை இதுதான். மாணவர்களின் மதிப்பெண்கள் 60 என்ற சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கின்றன, அந்தப் பரவலின் அளவான திட்ட விலக்கம் 15 என்று கொள்வோம். பள்ளியின் சராசரி எவ்வளவு ஆடும் என்று பார்க்க, அந்த 15-ஐ மாணவர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 16 பேர் எழுதும் பள்ளிக்கு 15-ஐ 4-ஆல் வகுத்தால் 3.75. 400 பேர் எழுதும் பள்ளிக்கு 15-ஐ 20-ஆல் வகுத்தால் 0.75. இதைப்போல் இரண்டு மடங்கு மேலும் கீழும் போனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை அந்த எல்லைக்குள்தான் பள்ளியின் சராசரி விழும். ஆக, சிறிய பள்ளியின் சராசரி 52.5-லிருந்து 67.5 வரை எங்கு வேண்டுமானாலும் அலையலாம். பெரியது 58.5-க்கும் 61.5-க்கும் நடுவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் ஒரே தரவரிசையில் போட்டால் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே நிற்கும். பெரியவை நடுவில் கூட்டமாக நிற்கும்.

உச்சியை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அமெரிக்காவில் 2000-களில் பெரிய உயர்நிலைப் பள்ளிகளை உடைத்துச் சிறு பள்ளிகளாக்கும் முயற்சிக்குப் பெரும் ஆதரவு இருந்தது. கேட்ஸ் அறக்கட்டளையும் அதற்குப் பெருந்தொகை கொடுத்தது. சிறந்த பள்ளிகளின் பட்டியலில் சிறியவை அதிகமாக இருந்ததும் அந்த நம்பிக்கைக்கு உரம். ஹோவர்ட் வெய்னர் என்ற புள்ளியியலாளர், ஹாரிஸ் ஸ்வெர்லிங்குடன் சேர்ந்து பென்சில்வேனியா மாநிலத்தின் 1,662 பள்ளிகளின் வாசிப்புத் தேர்வு மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார். முதல் 50 இடங்களில், மாநிலத்திலேயே மிகச் சிறிய 50 பள்ளிகளில் ஆறு இருந்தன. அளவுக்கும் தரத்துக்கும் தொடர்பே இல்லையென்றால் ஒன்றோ இரண்டோதான் இருந்திருக்க வேண்டும். ‘பார்த்தீர்களா, சிறியதே சிறந்தது’ என்று பையை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அவர்கள் பட்டியலின் அடியையும் புரட்டினார்கள். கடைசி 50 இடங்களில் மிகச் சிறிய பள்ளிகள் ஒன்பது.

எண்ணிக்கையைக் கேட்டாயிற்று. அடுத்து, யாரை எண்ணினார்கள் என்றும் கேட்க வேண்டும்.

‘எங்கள் கல்லூரியில் ஒரு வகுப்புக்குச் சராசரியாக 25 பேர்தான்’ என்கிறது நிர்வாகம். ‘எங்கள் வகுப்பில் மூச்சுவிட இடமில்லை’ என்கிறார்கள் மாணவர்கள். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று தோன்றும். நான்கு வகுப்புகளில் 10, 15, 15, 60 பேர் இருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். கூட்டி நான்கால் வகுத்தால் 25. நிர்வாகம் சொல்வது உண்மை. இப்போது நூறு மாணவர்களையும் தனித்தனியாக நிறுத்தி ‘உன் வகுப்பில் எத்தனை பேர்?’ என்று கேளுங்கள். பத்துப் பேர் ‘10’ என்பார்கள், முப்பது பேர் ‘15’ என்பார்கள், அறுபது பேர் ‘60’ என்பார்கள். அந்தப் பதில்களின் சராசரி 41.5. நெரிசலான வகுப்பில் இருப்பவர்கள் அதிகம் என்பதால் நெரிசலுக்குக் குரலும் அதிகம். இரண்டு எண்களும் சரியானவை. ஒன்று வகுப்புகளை எண்ணுகிறது, மற்றது பிள்ளைகளை எண்ணுகிறது. பெற்றோருக்குத் தேவைப்படுவது இரண்டாவது. விளம்பரத்தில் வருவது எது என்று சொல்லத் தேவையில்லை.

எழுத வராதவர்கள் கணக்கிலும் வர மாட்டார்கள். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் மாநிலச் சராசரிகளை ஒப்பிட்டால், மிகக் குறைவான மாணவர்கள் எழுதும் மாநிலங்களே பெரும்பாலும் மேலே இருக்கும். அங்கெல்லாம் தொலைவிலுள்ள பெயர்பெற்ற கல்லூரிகளைக் குறிவைப்பவர்கள்தான் அந்தத் தேர்வை மெனக்கெட்டு எழுதுகிறார்கள். நன்றாகப் படிக்காத பிள்ளைகளைத் தேர்வுக்கு முன்பே ‘வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பிவிடும் பள்ளியின் சராசரி ஏறுவதும் இதே வழியில்தான். ஒரு பாடம்கூடக் கூடுதலாக நடத்த வேண்டியதில்லை.

பிள்ளைகளைப் பிரிப்பதில் நல்ல மனமும் வினையாக முடியலாம். 1930-இல் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயரில் 67 பள்ளிகளில் 20,000 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. 10,000 பேருக்குப் பிப்ரவரி முதல் ஜூன் வரை தினமும் முக்கால் பைண்ட், அதாவது சுமார் 425 மில்லிலிட்டர் பால் கொடுத்தார்கள். மற்ற 10,000 பேருக்கு இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் உயரமும் எடையும் அளந்தார்கள். இவ்வளவு பெரிய சோதனையில் எண்ணிக்கையைக் குறை சொல்ல முடியாது.

குறை வேறிடத்தில் இருந்தது. குழந்தைகளைச் சில பள்ளிகளில் சீட்டுப் போட்டும் சிலவற்றில் அகரவரிசைப்படியும் பிரித்தார்கள். ஆனால் ஒரு குழுவில் நோஞ்சான் பிள்ளைகளோ புஷ்டியான பிள்ளைகளோ அதிகமாகத் தெரிந்தால் ஆளை மாற்றிச் சமன்செய்யலாம் என்று ஆசிரியர்களுக்கு அனுமதி இருந்தது. ஒட்டிய கன்னத்தோடு நிற்கும் பிள்ளையைப் பால் இல்லாத வரிசைக்கு அனுப்ப எந்த ஆசிரியருக்கு மனம் வரும்? தெரிந்தோ தெரியாமலோ ஏழைப் பிள்ளைகள் பால் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். சோதனை தொடங்கும்போதே பால் பெறாத பிள்ளைகள் எடையில் மூன்று மாத வளர்ச்சியும் உயரத்தில் நான்கு மாத வளர்ச்சியும் முன்னால் இருந்தார்கள்.

இதை 1931-இல் பிரித்துக் காட்டியவர் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் சீலி காசெட். கின்னஸ் மதுவடிப்பு ஆலையின் ஊழியர். சராசரிகளின் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்க இன்று பாடநூல்களில் இருக்கும் டி-சோதனை அவருடையது. அவருடைய கண் குழந்தைகளின் உடைமீதும் போனது. எடை போட்டது உடையோடு. பிப்ரவரிக் குளிரில் வசதியான வீட்டுப் பிள்ளை கனத்த உடுப்புகளோடு தராசில் ஏறும். ஜூனில் மெல்லிய சட்டையோடு வரும். அந்த வித்தியாசம் அதன் வளர்ச்சியிலிருந்து கழிந்துவிடும். ஏழைப் பிள்ளைக்குக் கழற்றிவைக்கக் கூடுதல் உடுப்பே கிடையாது. ஆக, ஏழைகள் அதிகமாக இருந்த பால் குழுவின் எடை உயர்வில் கொஞ்சம் பால், கொஞ்சம் கம்பளி. 50 ஜோடி ஒத்த இரட்டையரை எடுத்து, ஜோடியில் யாருக்குப் பால் என்று காசைச் சுண்டி முடிவு செய்திருக்கலாம் என்றார் காசெட். இருபதாயிரம் பேர் தேவையே இல்லை.

காசைச் சுண்டுவது கல்வித்துறைக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பிள்ளைகளின் வாழ்க்கையோடு சூதாடுவதா என்று கேட்பார்கள். ஆனாலும் சில இடங்களில் துணிந்து செய்தார்கள். 1985-இல் டென்னசி மாநிலம் மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளுக்கும் 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளுக்கும் பிரித்து அனுப்பியது, ஆசிரியர்களையும் அப்படியே. சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள்.

சிறு பள்ளிகளுக்கும் பின்னால் ஒரு குலுக்கல் வாய்த்தது. நியூயார்க் நகரில் புதிதாகத் திறந்த சிறு உயர்நிலைப் பள்ளிகளுக்கு இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம் வந்ததால், குலுக்கிப்போட்டு மாணவர்களைச் சேர்த்தார்கள். இடம் கிடைத்தவர்கள், கிடைக்காமல் வேறு பள்ளிகளுக்குப் போனவர்கள் என்று இரு தரப்பையும் பின்தொடர்ந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் விகிதம் இடம் கிடைத்தவர்களிடையே கூடுதலாக இருந்தது. பட்டியலை வைத்துச் சொல்ல முடியாமல் போனதைக் குலுக்கல் ஓரளவு சொல்லிவிட்டது. அந்தப் பள்ளிகள் சிறியவையாக இருந்ததால் வந்த பலனா, புதிய ஆசிரியர்களோடு புதிதாகத் தொடங்கியதால் வந்ததா என்று மட்டும் அந்தக் குலுக்கல் பிரித்துச் சொல்லாது. அதற்கு வேறொரு குலுக்கல் வேண்டும்.