வாட்ஸை விடுங்கள், முதலில் வயரைப் பாருங்கள்

மறுபடியும் அதே நெடி. ஊஃபரின், அதாவது அடித்தொனி ஸ்பீக்கரின், கோனை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினால் உள்ளே மணல் உரசுவதுபோல ஒரு கரகரப்பு. நடுவிலிருக்கும் டஸ்ட் கேப்பை வெட்டிப் பார்த்தால், செம்பு நிறத்தில் மின்ன வேண்டிய வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் சுற்று பிரிந்து கிடக்கிறது. ஹோம் தியேட்டர் செட்டைப் பழுதுக்குக் கொண்டு வருகிறவர் கேட்பதும் மாறுவதேயில்லை. "வாட்ஸ் பத்தலை சார். பத்தாயிரத்துக்குள்ள இதைவிடப் பெருசா ஒரு ஆம்ப்ளிஃபயர் போட்டுக் கொடுங்க."

வாட்ஸ் பத்தாமல் இல்லை. அந்த வாட்ஸ் முதலிலிருந்தே இல்லை.

அட்டைப்பெட்டியில் "12,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று, அதாவது கணநேர உச்சப் பவர் என்று, போட்டிருக்கும். இதை நம்பி இன்றைக்கும் ஆட்கள் வாங்குகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். கணக்கு பெரிதில்லை. 230 வோல்ட் கரண்டில் 12,000 வாட்ஸ் எடுக்க வேண்டுமென்றால் 52 ஆம்பியர் வேண்டும். உங்கள் செட் சொருகியிருப்பது டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் 5 ஆம்பியர் பிளக்கில். அந்தப் பிளக் கொடுக்கக்கூடியதே 1,150 வாட்ஸ். அயர்ன் பாக்ஸ் ஒன்று 1,000 வாட்ஸ். பன்னிரண்டு அயர்ன் பாக்ஸை ஒரே பிளக்கில் சொருகினால் என்ன ஆகுமென்று எல்லோருக்கும் தெரியும். ஸ்பீக்கர் பெட்டி என்றதும் மட்டும் அந்த அறிவு எங்கே போகிறதோ! பி.எம்.பி.ஓ. என்பதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எத்தனை சைபர் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். "12 வோல்ட், 5 ஆம்பியர்" அடாப்டரில் ஓடும் செட் என்றால் உள்ளே போவதே மொத்தம் 60 வாட்ஸ். அதற்கு மேல் ஸ்பீக்கருக்கு எங்கிருந்து வரும்? அசெம்பிள்ட் செட் என்றால் மூடியைத் திறந்து டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். 12-0-12, 3 ஆம்பியர் என்றிருந்தால் 24 வோல்ட்டை 3 ஆம்பியரால் பெருக்கி 72 வி.ஏ. சூடாகிப் போனது போக ஆறு சேனலுக்கும் சேர்த்து 40 வாட்ஸ் உருப்படியாகக் கிடைத்தால் பெரிய விஷயம். ஆம்ப் போர்டிலுள்ள ஐ.சி. (சில்லு) நம்பரே கதை சொல்லிவிடும். 4440 போர்டு என்றால் இரண்டு சேனலையும் ஒன்றாக இணைத்து (பிரிட்ஜ்) 4 ஓம் (மின்தடை) ஸ்பீக்கரில் 19 வாட்ஸ். ஸ்டீரியோவாக விட்டால் பக்கத்துக்கு 6 வாட்ஸ். டி.டி.ஏ. 2030 என்றால் சுமார் 14 வாட்ஸ்.

இது குறைவு என்று பதற வேண்டாம். 88 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபல் கேட்கும். சோபாவில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் 80 டெசிபலை ஒட்டி இருக்கும். அது பேச்சை நிறுத்திவிட்டுப் படம் பார்க்க வைக்கும் சத்தம். 50 வாட்ஸ் ஆம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு 100 வாட்ஸ் வாங்கினால் கிடைக்கும் லாபம் 3 டெசிபல். வால்யூம் நாபில் ஒரு சின்னத் திருப்பு, அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதே 3 டெசிபலை, 86-க்குப் பதில் 89 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கிச் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சென்சிடிவிட்டி எவ்வளவு என்று கடையில் கேட்கிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்.

அப்படியானால் காயில் ஏன் கருகியது? பாஸ் நாபைக் கடைசிவரை திருப்பி வைத்ததால். முழுக்கத் திருப்பினால் அடித்தொனி ஏறக்குறைய 10 டெசிபல் ஏறும். மேலே சொன்ன கணக்குத்தான்: ஐந்து வாட்ஸ் போதும் என்ற இடத்தில் ஐம்பது கேட்கிறீர்கள். இருபதே கொடுக்க முடிந்த ஆம்ப் அலையின் தலையை வெட்டித் தட்டையாக அனுப்பும். அந்தத் தட்டை அலையில்தான் காயில் வேகும். உச்சத்தொனிக்கான ட்வீட்டர் அதற்கும் முன்னாலேயே போய்விடும். சின்ன ஆம்பை முறுக்கினாலும் ஸ்பீக்கர் சாகும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நாபை நடுவில் வையுங்கள். சத்தம் பிசிறும்போது குறைத்துவிடுங்கள். பிசிறல்தான் செட் உங்களுக்குக் கொடுக்கும் ஒரே எச்சரிக்கை.

சரி, கையில் பத்தாயிரம் இருக்கிறது, பழைய 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபர்) இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் டி.வி.யிலிருந்து செட்டுக்கு எது போகிறது என்று பாருங்கள். ஹெட்போன் ஓட்டையிலிருந்து சிவப்பு-வெள்ளை பின்னுக்கு ஒரு ஒயர் போகிறதென்றால், உங்களிடம் இருப்பது ஆறு பெட்டியில் கேட்கும் ஸ்டீரியோ. நடு ஸ்பீக்கரும் பின் ஸ்பீக்கரும் அந்த இரண்டு சேனலைக் கூட்டிக் கழித்துப் போர்டு தயாரிக்கும் போலி. ஹெலிகாப்டர் பின்னாலிருந்து வரவில்லையே என்றால் எப்படி வரும்? செட்டின் பின்னால் சிவப்பு-வெள்ளை பின் சொருகும் ஆர்.சி.ஏ. ஓட்டை ஆறு இருந்தால் ஒரு டிகோடர் பெட்டி வாங்குங்கள். ஆப்டிகலோ (ஒளி இழை ஒயர்), எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி.யோ (டி.வி. ஒலியை வெளியே அனுப்பும் எச்.டி.எம்.ஐ. ஓட்டை) உள்ளே போய், ஆறு சேனலும் தனித்தனியாக வெளியே வரும். ஆம்பையும் ஸ்பீக்கரையும் தொடாமலே கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான்.

வாங்கி மாட்டிவிட்டு "ஒண்ணும் வித்தியாசம் தெரியலை" என்று போன் செய்வதற்கு முன்னால் டி.வி. செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். அங்கே பி.சி.எம். என்று இருந்தால் ஆப்டிகலில் ஸ்டீரியோ மட்டுமே போகும். ஆட்டோ, பிட்ஸ்ட்ரீம், டால்பி டிஜிட்டல் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதற்கு மாற்றுங்கள். செட் டாப் பாக்ஸிலும் இதே செட்டிங் தனியாக உண்டு. ஏ.ஆர்.சி. என்றால் டி.வி.யில் அந்த எழுத்துப் போட்ட ஓட்டையில் மட்டுமே சொருக வேண்டும், செட்டிங்கில் சி.இ.சி.யும் (கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஆன் ஆகியிருக்க வேண்டும். பென் டிரைவில் டி.டி.எஸ். ஒலியுள்ள படம் போட்டால் சில டி.வி.களில் சத்தமே வராது. அது டி.வி.யின் குறை, டிகோடரைத் திட்டாதீர்கள். யூடியூப் பாட்டில் பெரும்பாலானவை ஸ்டீரியோதான். அதை வைத்து 5.1 சோதிக்காதீர்கள்.

அடுத்தது வயர். கூடவே வரும் தலைமுடி வயரும், கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் 14/38-ம் (38 கேஜில் 14 இழை) பக்கத்து ஸ்பீக்கருக்குப் பரவாயில்லை. பின் ஸ்பீக்கருக்குச் சுவரைச் சுற்றிப் பத்து மீட்டர் ஓட்டினால் போக வர இருபது மீட்டர். 14/38-ல் அது 1.3 ஓமுக்கு மேல் போய்விடும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் கிட்டத்தட்ட நாற்பது சதவீதத்துக்கு மேல் பவர் குறைகிறது. அதே தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர் போட்டால் கால் ஓம்கூட வராது. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் சாதாரணச் செம்பு வயரே போதும். தங்க முலாம், பட்டு உறை என்று மீட்டருக்கு ஆயிரம் கொடுக்க வேண்டாம். வாங்கும்போது ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். திருகில் இரண்டு முறை முறுக்கினால் உடைந்துவிடும்.

வயர் மாற்றும்போது பிளஸ், மைனஸ் மாறாமல் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஆம்ப் முனையில் வயரைக் கழற்றி, அதில் ஒரு 1.5 வோல்ட் பேட்டரி செல்லைச் சட்டென்று தொட்டு எடுங்கள். பிளஸ் சிவப்புக்குப் போனால் ஊஃபர் கோன் வெளியே வர வேண்டும். ஒரு பக்கம் வெளியேயும் மறுபக்கம் உள்ளேயும் போனால், பாஸ் ஒன்றை ஒன்று தின்றுவிடும். வசனம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. "பாஸ் இல்லை, பெரிய சப் ஊஃபர் வேணும்" என்று வருகிற செட்களில் இந்தக் கோளாறை அடிக்கடி பார்க்கலாம். பழுது பார்த்தவருக்குக் காசு கொடுக்க வேண்டிய வேலையே இல்லை இது.

அப்புறம், ஸ்பீக்கர்களைக் கூரை மூலையிலிருந்து இறக்குங்கள், தயவுசெய்து. பரண் மட்டத்தில் ஆணியடித்துத் தொங்கவிடுவது டீக்கடைக்குச் சரி. முன் ஸ்பீக்கர் இரண்டும் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது காது இருக்கும் உயரத்தில், தரையிலிருந்து சுமார் மூன்றேகால் அடியில் இருக்க வேண்டும். நடுவிலிருந்து பக்கத்துக்கு 30 டிகிரி. பின் ஸ்பீக்கர் தலைக்கு நேர் பின்னால் அல்ல; பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி, 110 டிகிரி வாக்கில். அவை காதுக்கு ஓரடி மேலே இருக்கலாம். நடு ஸ்பீக்கரை டி.வி. ஸ்டாண்டின் அறைக்குள் தள்ளி முன்னால் பொம்மை அடுக்காதீர்கள். விளிம்புக்கு இழுத்து, அடியில் ஒரு ரப்பர் துண்டு கொடுத்து முகத்தை மேலே நிமிர்த்துங்கள். வசனம் புரியவில்லை என்ற புகாரில் பாதி அதோடு தீரும்.

மீதிப் பாதி அறையின் குற்றம். நம் வீடுகளில் மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ், நாலு பக்கமும் பூசிய சுவர். நடுவில் நின்று கை தட்டுங்கள். கிணற்றுக்குள் தட்டியதுபோல் வால் நீண்டால் எத்தனை லட்சம் ரூபாய் செட் வைத்தாலும் கூச்சல்தான். கனமான திரை, தரையில் தடித்த ஜமுக்காளம், பின்சுவரில் புத்தக அலமாரி. முட்டை அட்டை ஒட்டாதீர்கள். அடித்தொனிக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும்.

சப் ஊஃபர் விஷயத்தில் அறையின் அளவே எதிரி. 12 அடி நீளச் சுவர் 47 ஹெர்ட்ஸிலும் 10 அடி அகலம் 56 ஹெர்ட்ஸிலும் கும்மென்று எழும்பும். கூரையும் 10 அடி என்றால் அதே 56-ல் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். ஒரே ஒரு பாஸ் சுரம் மட்டும் ஜன்னலை உலுக்குவது இதனால்தான். சப் ஊஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவின் மேல் வையுங்கள். பாஸ் நடமாடும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவர் ஓரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கும் இடம் எதுவோ, அங்கே சப் ஊஃபரை வையுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். செலவு பூஜ்யம்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் மிஞ்சினால், பழைய ஏ.வி. ரிசீவர் (டிகோடரும் ஆம்பும் ஒரே பெட்டியில்) ஒன்றைத் தேடலாம். எச்.டி.எம்.ஐ. செத்துப்போய், ஆப்டிகல் மட்டும் வேலை செய்யும் ரிசீவர் மலிவாகக் கிடைக்கும். டால்பி டிஜிட்டல் 5.1-க்கு ஆப்டிகல் தாராளமாகப் போதும். வாங்குமுன் பின்பக்கம் 230 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். ஜப்பான், அமெரிக்காவிலிருந்து வந்தவை 100, 120 வோல்ட். ஆன் செய்ததும் உள்ளேயிருக்கும் ரிலே சுவிட்ச் "டக்" என்று விழ வேண்டும். டிஸ்ப்ளேயில் "புரொடெக்ட்" வந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். பழைய செட்டின் குட்டி ஸ்பீக்கர்களை இதில் மாட்டும்முன் ஓம் பாருங்கள். சில செட்களில் 3 ஓம் இருக்கும். 6 ஓமுக்குக் குறையாமல் கேட்கும் ரிசீவருக்கு அது விஷம். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஏழு என்று காட்டும். 4 ஓம் மூன்றரை வாக்கில். குட்டிப் பெட்டிகளுக்கு கிராஸ் ஓவரை (எதற்குக் கீழே உள்ள ஒலி சப் ஊஃபருக்குப் போகும் என்ற எல்லை) 120 ஹெர்ட்ஸிலும், ஐந்து இஞ்ச் ஊஃபர் உள்ளவற்றுக்கு 80-லும் வையுங்கள்.

அசெம்பிள்ட் ஆம்பையே ஓட்டப்போகிறவர்கள், பெரிய டிரான்சிஸ்டர் போட்டால் பெரிய சத்தம் வரும் என்று 5200, 1943 ஜோடிகளாக வாங்கி வராதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் அதே சின்னது என்றால் டிரான்சிஸ்டர் என்ன செய்யும்? போதாததற்குச் சந்தையில் அந்த நம்பரில் கிடைப்பதில் நிறையப் போலி. பத்து வருடச் செட் "ம்ம்ம்" என்று இரைந்தால் ஃபில்டர் கெபாசிட்டர் இரண்டையும் மாற்றினாலே பாதி வயது குறைந்துவிடும். 12-0-12 செட்டில் அங்கே 16 வோல்ட் டி.சி. வரும்; 25 வோல்ட் கெபாசிட்டருக்குக் கீழே போகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும்.

இரைச்சல் கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றியதும் நின்றால் அது எர்த் லூப், அதாவது இரண்டு வழியாக எர்த் ஆகிச் சுற்றும் கரண்ட். அதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிற பழக்கம் இருக்கிறதே, அதைச் செய்யவே செய்யாதீர்கள். இரும்பு கேபினட்டைக் குழந்தை தொடும். கேபிள் ஒயரில் போடும் ஐசோலேட்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

இடி மழை நாளில் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். டிஷ் ஒயர் வழியாக வந்த இடி, செட் டாப் பாக்ஸ், எச்.டி.எம்.ஐ. என்று ஒவ்வொன்றாகக் கொன்றுகொண்டே ரிசீவர்வரை போகும். டிஷ் ஒயரையும் கழற்றுங்கள். கடைசியாக ஒன்று: செட்டைப் பழுதுக்குத் தூக்கி வரும்போது ரிமோட்டையும் எடுத்து வாருங்கள். சில போர்டுகள் அது இல்லாமல் இன்புட்டே மாறாது.