பழைய லேப்டாப்புக்கு லைட்டான லினக்ஸ்: எதில் லைட்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2012, 2013 வாக்கில் வாங்கிய லேப்டாப் இந்தப் பேச்சுக்கே வராது. ‘லைட்டா ஒரு லினக்ஸ் போட்டுக்க’ என்று ஐடி வேலையில் இருக்கும் சொந்தக்காரப் பையன் யாராவது சொல்வார். நல்ல யோசனைதான். ஆனால் எதில் லைட்?

கர்னலில், அதாவது ஓஎஸ்ஸின் மையக் கருவில் இல்லை. டிஸ்ட்ரோ எனப்படும் லினக்ஸ் வகைகளில் உபுண்டு கனம், லுபுண்டு லேசு என்பார்கள். இரண்டிலும் ஓடுவது ஒரே கர்னல். மென்பொருள்கள் வருவதும் ஒரே களஞ்சியத்திலிருந்து. மாறுவது மேலே உட்காரும் டெஸ்க்டாப் மட்டும்தான். உபுண்டுவின் ஜினோம் ஒவ்வொரு ஜன்னலையும் கிராஃபிக்ஸ் சிப்பின் துணையோடு அடுக்கி வரைகிறது, தேடலுக்காகப் பின்னணியில் கோப்புகளை அட்டவணை போடுகிறது. நீங்கள் எதையும் திறக்கும் முன்பே ஒரு ஜிபிக்கு மேல் ரேம் போய்விடும். லுபுண்டுவின் எல்எக்ஸ்க்யூடி அதில் ஏறக்குறைய பாதியில் நிற்கும். ஐஸ்டபிள்யூஎம் என்ற வெறும் ஜன்னல் மேலாளரோடு வரும் ஆன்டிஎக்ஸுக்கு 300 எம்பி அளவு போதும்.

அரை ஜிபி மிச்சமானால் என்ன பெரிய லாபம்? ரேம் நிரம்பியதும் கர்னல், அதிகம் தொடாத பக்கங்களை (ரேமின் சிறு துண்டுகளை) டிஸ்கில் உள்ள ஸ்வாப் பகுதிக்குத் தள்ளும். தேவைப்படும்போது திரும்ப எடுத்துவரும். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க சுமார் 100 நானோநொடி ஆகிறது. 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்கின் தட்டு ஒரு சுற்று சுற்றவே 11 மில்லிநொடி. ஹெட் தடம் தேடும் நேரம் தனி. லட்சம் மடங்கு வித்தியாசம். டிஸ்க் விளக்கு அணையாமல் எரிய, மவுஸ் அம்பு உறைந்து நிற்கிறதே, அப்போது பிராசஸருக்கு வேலையே இருக்காது. அது டிஸ்குக்காகக் காத்துக்கிடக்கும். ஆகவே டிஸ்ட்ரோ தேடுவதற்கு முன் ஒரு எஸ்எஸ்டி மாட்டுங்கள் என்பேன். முடியாதென்றால் இசட்ரேம் உதவும்: பக்கங்களை டிஸ்குக்கு அனுப்பாமல், ரேமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

4 ஜிபி ரேம் இருந்தால் லுபுண்டு, உபுண்டுவின் இன்னொரு லேசான வடிவமான சுபுண்டு எதுவும் சரி. 2 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ். ஆட்டம் என்270 போன்ற 32-பிட் நெட்புக் என்றால் வழி குறுகுகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32-பிட் பிசிக்கான கர்னலும் இன்ஸ்டாலரும் கிடையாது. ஆஸ்திரேலியாவின் பாரி காலர் 2003-இல் தொடங்கிய பப்பி லினக்ஸ் தனி ரகம். முழுவதும் ரேமில் ஏறிக்கொள்ளும், பிறகு பென்டிரைவைப் பிடுங்கிவிடலாம். எல்லாமே முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக ஓடுவதால் தினசரி வங்கி வேலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முடிவெடுக்கும் முன் ஓட்டிப் பார்க்க லைவ் பென்டிரைவ் இருக்கிறது. ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் ஒரு முழு ஓஎஸ் எப்படி ஓடுகிறது என்பது அழகான ஏற்பாடு. டிஸ்ட்ரோ வரும் ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணமாகக் காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ், எட்சர் போன்ற கருவியால் எழுத வேண்டும். அப்போதுதான் கணினியைத் தொடக்கும் யுஇஎஃப்ஐ தேடும் இடத்தில், ஓஎஸ்ஸை ஏற்றும் பூட்லோடர் இருக்கும். அது கர்னலையும் ஒரு குட்டித் தற்காலிகக் கோப்பு அமைப்பையும் ரேமில் ஏற்றும். அந்தக் குட்டி அமைப்பு, பென்டிரைவில் ஸ்குவாஷ்எஃப்எஸ் வடிவில் சுருங்கிக் கிடக்கும் முழு லினக்ஸைத் திறக்கும். ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸைப் படிக்கத்தான் முடியும், அதில் எழுத முடியாது. அதனால் அதன் மேல் ரேமில் வெற்று அடுக்கு ஒன்றை விரிக்கிறார்கள். ஓவர்லே என்று பெயர். புத்தகத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து எழுதுவது போல, எழுதுவதெல்லாம் மேல் அடுக்கில் விழும். ஒரு கோப்பை அழித்தாலும் கீழே அது அப்படியே இருக்கும். ‘இது இல்லை’ என்று ஓர் அடையாளம் மட்டும் மேலே வைக்கப்படும். மின்சாரம் போனால் மேல் அடுக்கு காணாமல் போகும்.

லுபுண்டுவின் இன்ஸ்டாலர் செய்வதும் அடிப்படையில் இதுதான்: அதே ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸை உங்கள் டிஸ்கில் விரித்து, பயனர் கணக்கைப் போட்டு, கிரப் பூட்லோடரை நிறுவுகிறது. ஆகவே லைவில் வைஃபை, ஒலி, டச்பேட், மூடித் திறந்தால் விழிப்பது எல்லாம் சரியாக இருந்தால், நிறுவிய பிறகும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வைஃபை மட்டும் மக்கர் செய்தால் போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போடுங்கள். டிரைவரை அதன் வழியாகவே இறக்கலாம்.

விண்டோஸையும் வைத்துக்கொள்வதென்றால் அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை முதலில் அணைக்க வேண்டும். அது இயங்கும்போது ஷட்டவுன் என்பது அரைத் தூக்கம்தான். அந்த நிலையில் உள்ள பார்ட்டிஷனில் லினக்ஸ் எழுத மறுக்கும். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் மீட்பு எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய டிஸ்ட்ரோக்கள் சிலவற்றுக்கு, கையொப்பமிட்ட பூட்லோடரை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிவரும். அணைத்ததும் பிட்லாக்கர் அந்த எண்ணைத்தான் கேட்கும். போட்டோக்களுக்கு வேறு டிஸ்கில் பிரதி எடுத்துவிடுங்கள், பார்ட்டிஷன் திரையில் தவறாக ஒரு கிளிக் போதும்.

நிறுவியதும் தமிழ்ப் பக்கங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். எடை குறைக்கும்போது எழுத்துருக்களையும் சேர்த்துக் கழித்திருப்பார்கள். லோகித் தமிழ் அல்லது நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவினால் போதும். தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டுக் கருவிகளைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும்.

எந்த டிஸ்ட்ரோவாலும் தீராத ஒன்று யூடியூப். அது பெரும்பாலும் விபி9 வடிவில் வீடியோ அனுப்புகிறது. 2012 காலத்து இன்டெல் கிராஃபிக்ஸுக்கு எச்.264-ஐத்தான் சிப்பிலேயே பிரிக்கத் தெரியும், விபி9 என்றால் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில். எச்.264-ஐயே கேட்டு வாங்கும் பிரவுசர் நீட்சிகள் உண்டு. இல்லையென்றால் தரத்தை 480-க்கு இறக்கிப் பாருங்கள், ஓடும்.