சூளையில் தொலைந்த 85 கிலோ

மதுரையில் காளவாசல் என்றால் பலருக்கும் பைபாஸ் ரோட்டு சிக்னல்தான் ஞாபகம் வரும். சுண்ணாம்பும் செங்கலும் சுடுகிற சூளைக்குத்தான் அந்தப் பெயர். மகால் தூண்களின் வழவழப்பான பூச்சுக்கும் சுண்ணாம்பு இப்படிச் சூளையில் வெந்துதான் வந்தது. பிளஸ் ஒன் பிள்ளைகளைத் திணறடிக்கிற மோல் கணக்கை (மோல் என்பது அணு, மூலக்கூறுகளை எண்ணுகிற அலகு) இந்தச் சூளையை வைத்தே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரி செல்சியஸில் அது சுட்ட சுண்ணாம்பாகவும் (கால்சியம் ஆக்சைடு) கரியமில வாயுவாகவும் பிரியும். ஒரு மோல் கல்லுக்கு ஒரு மோல் சுண்ணாம்பு, ஒரு மோல் வாயு. அணு எடைகளைக் கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16 என்று கூட்டினால், ஒரு மோலின் எடை கிராமில் கல் 100, சுண்ணாம்பு 56, வாயு 44. ஆக, 100 கிலோ சுத்தமான கல் முழுக்க வெந்தால் 56 கிலோதான் மிஞ்சும். சமன்பாட்டில் ஒன்றுக்கு ஒன்று என்று பார்த்துவிட்டு 100 கிலோவுக்கு 100 கிலோ என எழுதுவதுதான் முதல் தப்பு. அந்த விகிதம் மோலுக்கு, எடைக்கு அல்ல.

கல் சுத்தமாகவும் கிடைக்காது. 250 கிலோ ஏற்றுகிறோம், அதில் 90 சதவீதம்தான் கார்பனேட், மிச்சம் 25 கிலோ மணல் என்று வைத்துக்கொள்வோம். 225 கிலோ கார்பனேட்டை 0.56-ஆல் பெருக்கினால் 126 கிலோ. இதுதான் கணக்குப்படி வர வேண்டியது.

சூளையைப் பிரித்து, சாம்பலைச் சலித்து எடை போட்டால் 165 கிலோ நிற்கிறது. மணலைக் கழித்தாலும் 140. விளைச்சல், அதாவது வர வேண்டியதில் வந்த பங்கு, 111 சதவீதமா? நூறைத் தாண்டினால் எங்கோ தப்பு என்று அர்த்தம். ஒரு கட்டியை உடைத்துப் பாருங்கள்: வெளியே வெள்ளைப் பொடி, நடுவில் வேகாத கல். அந்தக் கல்லும் எடையில் சேர்ந்துவிட்டது.

இங்கே மிஞ்சியதை விட்டுவிட்டு, தொலைந்ததைப் பிடிக்க வேண்டும். 250-க்கு 165 போனால் 85 கிலோ. அது முழுக்கக் கரியமில வாயு. 44 கிலோ வாயு போனால் 56 கிலோ சுண்ணாம்பு உண்டாகியிருக்கும். அப்படியானால் 85-ஐ 56-ஆல் பெருக்கி 44-ஆல் வகுக்க, 108.2 கிலோ. அதை 126-ஆல் வகுத்தால் உண்மையான விளைச்சல் சுமார் 86 சதவீதம். மணலும் வேகாத கல்லும் இந்தக் கணக்கைத் தொடவே முடியாது. அதுதான் இதன் அழகு.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றும்போது 56 கிலோ சுண்ணாம்புக்கு 18 கிலோ தண்ணீர். நம் 108.2 கிலோவுக்கு 34.8 லிட்டர் வேண்டும். 28 லிட்டர்தான் ஊற்றினால் 87 கிலோ சுண்ணாம்புதான் நீறும், 21 கிலோ அப்படியே கிடக்கும். எது முதலில் தீர்கிறதோ, அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். நிஜத்தில் சரியாக 35 லிட்டர் ஊற்றினாலும் பற்றாது: நீறும்போது கிளம்புகிற சூட்டில் ஒரு பங்கு ஆவியாகிவிடும்.

எடை போடுவதிலும் கவனம் வேண்டும். ஈரக்கல்லை ஏற்றினால், ஆவியான தண்ணீரும் தொலைந்த எடையில் சேர்ந்து விளைச்சலைக் கூட்டிக் காட்டும். வெந்த சுண்ணாம்பு திறந்தபடி கிடந்தால் நேரெதிர்: காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்து எடை ஏறும். 5 கிலோ ஏறினாலே 86 சதவீதம் 81 ஆகிவிடும். கல்லைக் காயவைத்து ஏற்றுங்கள். ஆறின கையோடு தராசில் வையுங்கள்.