காதுக்குள் ஒரு மீன் காது

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "ஒரு இண்டி பேண்டின் பாட்டை இயர்போனில் நாலைந்து தடவை கேட்டேன், மனதில் ஒட்டவே இல்லை. தோழி இழுத்துக்கொண்டு போனதால் அவர்கள் கச்சேரிக்குப் போனேன். மூன்றாவது பாட்டில் என்னையறியாமல் ஆடிக்கொண்டிருந்தேன். இப்போது நான் அவர்கள் ரசிகை. எப்படி?"

கூட்டம், விளக்கு, டிக்கெட் காசு வீணாகக் கூடாதே என்ற நினைப்பு, எல்லாவற்றுக்கும் பங்குண்டு. நான் முதலில் சந்தேகிப்பது பேஸ் ஸ்பீக்கரை, அதாவது தாழ்ந்த 'தம் தம்' ஒலியை எழுப்பும் ஸ்பீக்கரை.

கனடாவின் ஹாமில்டனில், மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லைவ்லேப் என்று 106 இருக்கை அரங்கம் ஒன்று உண்டு. பார்த்தால் தியேட்டர், உண்மையில் ஆய்வகம். அங்கே ஆர்ஃபெக்ஸ் என்ற உள்ளூர் எலக்ட்ரானிக் இரட்டையர் வாசித்தார்கள். ரசிகர்கள் தலையில் அசைவை அளக்கும் பட்டை. 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரை (நொடிக்கு அத்தனை அதிர்வு) மிகத் தாழ்ந்த ஒலியை மட்டும் எழுப்பும் ஸ்பீக்கர்களை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை போடுவதும் அணைப்பதுமாக இருந்தார்கள். அவை ஓடியபோது ஆட்டம் சராசரியாக 11.8 சதவீதம் கூடியது என்று 2022-ல் கரண்ட் பயாலஜி இதழில் முடிவு வந்தது. அந்த ஒலி இருக்கிறதா இல்லையா என்று பிறகு தனியாகச் சோதித்தபோது, கேட்டவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை!

கேட்காத சத்தம் எப்படி ஆட்டும்? தோலும் உணரும், சரி. எனக்குப் பிடித்தது இன்னொரு வழி.

கத்தாழை மீன் தலையைச் சாப்பிட்டவர்களுக்கு வெள்ளையாக ஒரு கல் பல்லில் தட்டியிருக்கும். அது மீனின் காதுக்கல். அது கிடக்கும் பைதான் பெரும்பாலான மீன்களுக்குக் காது. நமக்கும் அந்தப் பை இருக்கிறது. ஒரே கல்லாக இல்லாமல், ஜெல்லி மேல் தூவிய பொடிக்கற்களாக. முட்டை ஓட்டிலுள்ள அதே கால்சியம் கார்பனேட். லிஃப்ட் மேலே கிளம்பும்போது கனமான கற்கள் ஒரு கணம் பின்தங்கும், அடியிலுள்ள நுண்மயிர்கள் வளையும், 'கிளம்பிவிட்டோம்' என்று மூளைக்குச் சேதி போகும். கேட்கும் உறுப்பான நத்தைக்கூடு பக்கத்து வீடு, இரண்டுக்கும் ஒரே திரவம். எனவே பலத்த பேஸ் இந்தக் கற்களையும் உலுக்குகிறது. சுமார் 90 டெசிபலைத் தாண்டினால் இந்தப் பை விழித்துக்கொள்கிறது என்று 2000-லேயே டாட், கோடி என்ற ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். நீங்கள் சும்மா நிற்கிறீர்கள், 'அசைகிறாய்' என்கிறது காது. அப்புறம் உடம்பு எப்படிச் சும்மா இருக்கும்?

அளந்தது ஆட்டத்தைத்தான், பிடித்துப்போவதை அல்ல. ஆடியபின் பாட்டு பிடித்துப்போவது என் ஊகம். 432 ஹெர்ட்ஸ் இசை நோய் தீர்க்கும் என்ற வாட்ஸ்அப் புரளிக்கு இருக்கும் ஆர்வத்தில் கொஞ்சம் இதற்கு வந்தால், மார்கழி சபா ஒன்றிலேயே தவில் வைத்துச் சோதிக்கலாம். காசு யார் தருவார்கள்?

அடுத்த கச்சேரிக்கு ஃபோம் இயர்பிளக் வைத்துக்கொண்டு போங்கள், கேட்கும் செல்கள் போனால் திரும்ப முளைக்காது. ஆட்டம் குறையுமோ என்று பயம் வேண்டாம். இயர்பிளக் அதிகம் தடுப்பது கீச்சுச் சத்தத்தை. பேஸின் அதிர்வை நெஞ்சும் உணரும்.